எஞ்சின் விலையும் எரிபொருள் விலையும்: சிறு படகுக்கு மோட்டார் வாங்குமுன் ஒரு கணக்குப் பாடம்

வணிகவியலின் முதற்பாடங்களுள் ஒன்று, மூலதனச் செலவையும் நடப்புச் செலவையும் பிரித்தறிவது. மூலதனச் செலவு ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்து கையைக் கடிக்கும். நடப்புச் செலவோ நாள்தோறும் சிறிது சிறிதாகப் பையைக் கரைக்கும். முன்னதைக் கண்டு அஞ்சுகிற நாம் பின்னதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிறு மீன்பிடிப் படகுக்குப் புதிய அவுட்போர்டு மோட்டார் வாங்குவதில் இந்த உண்மை மிகத் தெளிவாகப் புலப்படும்.

கடற்கரை இல்லாத புணேயிலிருந்து இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் புணே மாவட்டத்துக்கும் மீனவர்கள் உண்டு. பீமா நதியின் குறுக்கே 1980இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையின் நீர்ப்பரப்பு, சோலாப்பூர் மாவட்டத்திலிருந்து இந்தாப்பூர், தௌண்டு வட்டங்கள் வரை பரந்து கிடக்கிறது. அதன் கரையிலுள்ள பிக்வண், பூநாரைகளுக்குப் பெயர்பெற்றதைப் போலவே மீன் சந்தைக்கும் பெயர்பெற்றது. அணைநீரில் துடுப்பை விட்டு மோட்டாருக்கு மாற எண்ணும் ஒருவரும், நாகப்பட்டினத்திலோ குளச்சலிலோ பழைய எஞ்சினை மாற்ற எண்ணும் இதழின் வாசகர் ஒருவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த எஞ்சின் வாங்கினால் மிச்சமாகும்? அதற்கு இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஏன் என்பதைக் கணக்கே காட்டும்.

எஞ்சின் வந்த வழி

கழற்றி மாட்டக்கூடிய படகு எஞ்சினை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஓல் எவின்ரூட். அவரது எஞ்சின் 1909இல் உருவானது. நம் நாட்டில் 1952இல் ஒப்பந்தமாகி, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நடைபெற்ற இந்திய-நார்வே திட்டம், மீன்பிடித் தொழிலில் எஞ்சினைப் புகுத்தும் முயற்சிகளுக்குத் தொடக்கமாயிற்று. எனினும் நாட்டுப் படகுகளில் அவுட்போர்டு மோட்டார் பரவலாக ஏறியது 1980க்குப் பிறகுதான். அதே ஆண்டில் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் எஞ்சின் வழங்குவதோடு, பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. எஞ்சினை விற்பதோடு கடமை முடிவதில்லை என்பதை அக்கூட்டமைப்பு அன்றே உணர்ந்திருந்தது.

அதன்பின் நேர்ந்ததும் நாம் கற்க வேண்டியதே. ஏழு, எட்டு குதிரைத்திறனில் தொடங்கிய பழக்கம், 9.9, 15, 25 என்று ஏறியது. கேரளத்தின் பெரிய சுருக்குவலை வள்ளங்கள் 40 குதிரைத்திறன் எஞ்சின்களை இரண்டு மூன்றாகப் பொருத்திக்கொண்டன. பக்கத்துப் படகு முந்திச் செல்கிறது என்பதற்காகப் பெரிய எஞ்சின் வாங்குவதும், அதைக் கண்டு அடுத்தவர் அதனினும் பெரியதை வாங்குவதும் வழக்கமாயின. எல்லாரும் வேகமாகப் போனார்கள்; கடலில் மீன் மட்டும் பெருகவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு படகுகளின் எரிபொருட் செலவைக் குறைப்பது பற்றி 1980களிலேயே தனி ஆய்வறிக்கை வெளியிட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் சிக்கல் அதுவே.

ஒரே எஞ்சின், இரண்டு விடைகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் கணக்கை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. வாசகர் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ 10 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள் விற்பனைக்கு உள்ளன. முதலாவது டூ-ஸ்ட்ரோக் வகை. விலை 1,00,000 ரூபாய். மணிக்கு 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோலோடு ஐம்பதுக்கு ஒரு பங்கு எண்ணெயும் கலக்க வேண்டும். இரண்டாவது ஃபோர்-ஸ்ட்ரோக் வகை. விலை 1,60,000 ரூபாய். மணிக்கு 3 லிட்டர் போதும். எண்ணெயைக் கலக்க வேண்டியதில்லை, நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கலக்கும் எண்ணெய் லிட்டர் 300 ரூபாய், ஒருமுறை எண்ணெய் மாற்ற 500 ரூபாய் என்று கொள்வோம்.

கடலோர மீனவர் ஆண்டுக்கு 200 நாள், நாளொன்றுக்கு 4 மணி நேரம் எஞ்சினை ஓட்டுகிறார். ஆக 800 மணி நேரம். முதல் எஞ்சினுக்கு 3,200 லிட்டர் பெட்ரோலும் 64 லிட்டர் எண்ணெயும் சேர்ந்து 3,39,200 ரூபாய். இரண்டாவதற்கு 2,400 லிட்டர் பெட்ரோலும் எட்டு முறை எண்ணெய் மாற்றமும் சேர்ந்து 2,44,000 ரூபாய். வேறுபாடு ஆண்டுக்கு 95,200 ரூபாய்; கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் 476 ரூபாய். அதிகமாகக் கொடுத்த 60,000 ரூபாய் எட்டு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. ‘விலை குறைந்த’ எஞ்சின், முதலாண்டு முடிவதற்குள்ளேயே விலை கூடிய எஞ்சினாகிவிடுகிறது.

இனி அணைநீர் மீனவரைப் பார்ப்போம். மாலையில் வலையை விரித்துக் காலையில் எடுப்பவர். இரு வேளையும் சேர்த்தாலும் எஞ்சின் ஓடுவது ஆண்டுக்கு 150 மணி நேரமே. முதல் எஞ்சினுக்கு அவருக்கு ஆகும் செலவு 63,600 ரூபாய். இரண்டாவதற்கு, இருமுறை எண்ணெய் மாற்றுவதையும் சேர்த்து, 46,000 ரூபாய். மிச்சம் ஆண்டுக்கு 17,600 ரூபாய்தான். கூடுதல் விலை திரும்ப ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் ஆகும். அவர் இரண்டில் எதை வாங்கினாலும் தவறில்லை. அவருக்கு இதைவிடப் பொருத்தமான மூன்றாவது வழி, 10 குதிரைத்திறனையே விட்டுவிட்டு அலையற்ற நீருக்குப் போதுமான சிறிய எஞ்சினை வாங்குவதாகவும் இருக்கலாம். ஆயினும் உஜனி நீர் சோலாப்பூர் நகரத்தின் குடிநீராகவும் இருப்பதை அவர் நினைவிற்கொள்ள வேண்டும். கார்புரேட்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதியையும் எண்ணெயையும் நீரிலேயே விட்டுச் செல்லும். மோட்டாரை அந்நீர்ப்பரப்பில் இயக்க அனுமதி உண்டா என்பதையும் நீர்வளத் துறையிடமும் மீன்வளத் துறையிடமும் வாங்குமுன்னரே கேட்டறிய வேண்டும்.

ஆகவே, கடைக்காரரிடம் முதலில் விலையைக் கேட்பதற்கு முன், தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம்? இந்த ஓர் எண் தெரிந்தால் மற்றவை தாமே தெளியும். ஒரு மாதம் குறிப்பேட்டில் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், நிரப்பிய லிட்டர் ஆகிய மூன்றையும் எழுதி வந்தால் அந்த எண் கிடைத்துவிடும்.

எத்தனை குதிரைத்திறன்?

நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும் கனமான படகின் வேகம் ஏற ஏற, நீரின் எதிர்ப்பு அதைக் காட்டிலும் விரைவாக ஏறும். ஒரே தொலைவைக் கடக்க ஆகும் எரிபொருள், தோராயமாக வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். அதாவது வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஒரு மணி நேரப் பயணம் ஆறேழு நிமிடம் நீளும், அவ்வளவே. ஏலத்துக்கு நேரத்தில் கரை சேர்ந்தாக வேண்டிய நாளில் அந்த ஆறேழு நிமிடத்துக்கு விலையுண்டு. மற்ற நாள்களில் அதற்கு ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் கொடுப்பது வீண்.

அதற்காக மிகச் சிறிய எஞ்சினை வாங்கி, எந்நேரமும் முழு வேகத்தில் முறுக்குவதும் தவறு. எஞ்சின் விரைவில் தேயும். எதிர்காற்றிலும் நீரோட்டத்திலும் கைவிடும். வழக்கமான வேகம் முழு விசையின் முக்கால் பங்குக்குள் கிடைக்கும்படி எஞ்சினைத் தேர்ந்துகொண்டு, எஞ்சியதை ஆபத்துக்கென வைத்துக்கொள்வதே நல்ல அளவு. படகு கட்டியவர் குறிப்பிட்ட உயர்ந்தபட்சக் குதிரைத்திறனை ஒருபோதும் மீறலாகாது. பின்பலகை பிளந்தபின் எஞ்சினும் இல்லை, படகும் இல்லை.

வாங்குமுன் அளக்க வேண்டியவை

எஞ்சின் தொங்கும் பின்பலகையின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். குட்டைத் தண்டு எஞ்சின் ஏறத்தாழ 15 அங்குல உயரத்துக்கும், நெடுந்தண்டு எஞ்சின் ஏறத்தாழ 20 அங்குல உயரத்துக்கும் ஏற்றது. தண்டு குட்டையானால் விசிறி காற்றைக் கடையும். நீளமானால் வீணாக நீரை இழுக்கும். இரண்டிலும் பணம் புகையாகப் போகும்.

விசிறியின் சரிவு, அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறும் அளவு, படகின் வேலைக்கேற்ப அமைய வேண்டும். வலையும் பனிக்கட்டியும் ஆள்களும் ஏற்றிச் செல்லும் படகுக்குச் சரிவு குறைந்த விசிறியே ஏற்றது. உல்லாசப் படகுக்கான விசிறியோடு வரும் எஞ்சினை அப்படியே பொருத்தினால், எஞ்சின் தனக்குரிய சுற்று வேகத்தை எட்டாமல் திணறும். விற்பனையாளரிடம் இதைச் சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம்.

எடையும் முக்கியம். மணற்கரையில் படகை ஏற்றி, எஞ்சினைத் தோளில் சுமந்து வீடு கொண்டுசெல்லும் ஊர்களில், சில கிலோ கூடுதலும் நாள்தோறும் உடம்பில் தெரியும். அதே குதிரைத்திறனுள்ள ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் பெரும்பாலும் கூடுதல் எடையுள்ளது. எரிபொருள் மிச்சத்தோடு இதையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் தனியே வருகின்றன. அவை பெட்ரோலில் உயிர்பெற்று, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும். பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சினும் கெடும், உத்தரவாதமும் போகும். மானிய மண்ணெண்ணெய் அளவோடுதான் கிடைக்கும். அளவு தீர்ந்தபின் வெளிச்சந்தை விலையில் வாங்க நேர்ந்தால் கணக்கு எப்படி மாறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழகக் கரையில் பல ஃபைபர் படகுகள் நீண்ட தண்டுடைய சிறு டீசல் எஞ்சினையே நம்பியிருப்பதற்கும் எரிபொருட் செலவே முதற்காரணம். சிறு டீசல் எஞ்சின் தொழிலில் புணேக்கும் பழைய பெயருண்டு. கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் 1946இல் இங்குத் தொடங்கப்பட்டது. எடையும் அதிர்வும் தாங்கும் படகுடையோர் டீசலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்? உதிரிபாகம் எத்தனை நாளில் வரும்? எஞ்சின் பத்து நாள் கரையில் கிடந்தால், இழப்பது பத்து நாள் மீன். விலையில் தள்ளுபடி தரும் தொலைவூர்க் கடையைவிட, தள்ளுபடி தராத உள்ளூர்ப் பட்டறையே பல வேளைகளில் மலிவு.

எந்தச் செலவுக்கு எந்தக் கடன்?

எஞ்சின் பல ஆண்டுகள் உழைக்கும் சொத்து. ஆகவே அதற்குரியது, பல ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தும் கடன். எரிபொருள், பனிக்கட்டி, வலைப் பழுது ஆகியவை சில நாளில் காசாகத் திரும்புபவை. அவற்றுக்குரியது நடைமுறை மூலதனக் கடன். 2018-19ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, ரிசர்வ் வங்கியின் 2019 பிப்ரவரிச் சுற்றறிக்கை வழியாக நடைமுறைக்கு வந்த மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டை இந்த இரண்டாவது வகைக்கானது. 2 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடு வட்டியில் தரப்படும் அக்கடனை உரிய காலத்தில் செலுத்துவோர்க்கு 3 விழுக்காடு ஊக்கத் தள்ளுபடி உண்டு. நிகர வட்டி 4 விழுக்காடாகிறது.

வட்டி குறைவு என்பதற்காக அட்டைப் பணத்தில் எஞ்சின் வாங்கிவிடுவோர் உண்டு. அது வலையை விற்றுப் படகு வாங்குவது போன்றது. எஞ்சின் வந்துவிடும், அதற்கு ஊற்றப் பெட்ரோலுக்குப் பணம் இராது. ஆண்டு முடிவில் முழுத் தொகையையும் கட்ட இயலாமல் ஊக்கத் தள்ளுபடியும் கைநழுவும். எஞ்சினுக்குத் தனியே தவணைக் கடன் கேளுங்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் வரை பெற வழியுண்டு. 2025 ஜனவரி முதல், மீன்வளம் உள்ளிட்ட வேளாண் சார்ந்த கடன்களுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

நம் எடுத்துக்காட்டிலுள்ள 1,60,000 ரூபாய் எஞ்சினுக்கு, 16,000 ரூபாயைக் கையிலிருந்து போட்டு, 1,44,000 ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 36 மாதக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,650 ரூபாய். மூன்றாண்டு வட்டி மொத்தம் ஏறத்தாழ 23,300 ரூபாய். ஆண்டுத் தவணை 55,800 ரூபாய். எரிபொருளில் ஆண்டுக்கு மிச்சமாகும் 95,200 ரூபாய்க்குள் அது அடங்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியிடங்களில் ‘அதே 10 விழுக்காடுதான்’ என்று சொல்லிக் கடன் தருவோர், குறையும் நிலுவைக்கு வட்டி போடுகிறார்களா, தொடக்கத் தொகைக்கே மூன்றாண்டும் வட்டி போடுகிறார்களா என்று கேளுங்கள். பின்னதாயின் வட்டி 43,200 ரூபாய், மாதத் தவணை 5,200 ரூபாய். அதன் உண்மை வட்டி ஏறத்தாழ 18 விழுக்காடு.

முன்பணத்தின் விலை

கரையோரத்தில் எஞ்சினுக்குப் பணம் தரும் இன்னொருவர், மீன் வாங்கும் வியாபாரி. அவர் வட்டி கேட்பதில்லை, கையொப்பமும் கேட்பதில்லை. பிடித்து வரும் மீனைத் தம்மிடமே தர வேண்டும், விற்ற தொகையில் ஒரு பங்கு தமக்கு என்பதே அவரது நிபந்தனை. அவசர நேரத்தில் கைகொடுப்பவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கும் விலையுண்டு.

ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய்க்கு மீன் விற்கும் படகில் அவர் 5 விழுக்காடு எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாண்டில் 90,000 ரூபாய். வங்கிக் கடனில் மூன்றாண்டு முடியும்போது கடனும் முடிந்திருக்கும். இங்கோ 90,000 கொடுத்த பின்னும் வாங்கிய 1,44,000 ரூபாய் அப்படியே நிற்கும். அது நிற்கும்வரை, பக்கத்து ஏலத்தில் கிலோவுக்கு இருபது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அங்கே விற்கும் உரிமை மீனவருக்கு இல்லை. எஞ்சின் தம்முடையதாகலாம், மீன் தம்முடையதன்று. ஆகவே கடனின் வட்டியைக் கேட்பதோடு நில்லாமல், அது எப்போது முடியும், முடியும்வரை எந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

மானியமும் பருவமும்

2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், தனிப் பயனாளிகளுக்கான இனங்களுக்குப் பொதுப் பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர்க்கும் 60 விழுக்காடும் உதவி என்பது அளவு. எஞ்சினுக்கு இவ்வாண்டு மானியம் உண்டா, எந்தத் தயாரிப்புகளுக்கு என்பதை மாவட்ட மீன்வள அலுவலகத்தில் வாங்குமுன் கேளுங்கள். வாங்கிய பில்லோடு பின்னர்ப் போனால் மானியம் கிடைப்பது அரிது. மானியம் தாமதமாக வரலாம் ஆதலின், அது வாராவிட்டாலும் தவணை கட்ட இயலுமா என்று பார்த்தே கடன்தொகையை முடிவு செய்யுங்கள்.

தவணை நாள்களும் கடலின் நாள்காட்டிக்கு இசைய வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை தம் படகுக்குப் பொருந்துமாயின், அந்த இரு மாதமும் தவணை விழாதபடி திட்டமிடுமாறு விண்ணப்பத்திலேயே கேளுங்கள். கடன் தந்தபின் மாற்றுவதைவிட, தருமுன் அமைப்பது எளிது. எஞ்சினுக்குக் காப்பீடு உண்டா, கடலில் தவறி விழுந்தாலும் திருடு போனாலும் இழப்பீடு கிடைக்குமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

வாங்கும் நாளிலும் அதன் பின்னும்

பில்லில் எஞ்சின் எண், தயாரிப்பு ஆண்டு, படகின் பதிவு எண் மூன்றும் இருக்கட்டும். உத்தரவாதம் தொழிற்பயன்பாட்டுக்கும் செல்லுமா, எத்தனை மாதம் என்று கேளுங்கள். உல்லாசப் பயன்பாட்டைவிடத் தொழிற்பயன்பாட்டுக்கு அது குறைவாக இருப்பதுண்டு. முதல் பத்து மணி நேரம் தயாரிப்பாளர் சொன்னபடி மெல்ல ஓட்டிப் பழக்குங்கள். உப்புநீரில் ஓடிய எஞ்சினை நாள்தோறும் நன்னீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். குளிர்நீர் ஏற்றும் இம்பெல்லரும் ஸ்பார்க் பிளக்கும் ஒவ்வொன்று படகிலேயே கூடுதலாக இருக்கட்டும். சில நூறு ரூபாய்ப் பொருள் இல்லாமல் நடுக்கடலில் நின்றவருக்குத்தான் அதன் உண்மை மதிப்புத் தெரியும்.

பயிற்சி

வாசகர் தம் எண்களை இட்டு, கீழ்க்காணும் ஐந்து வரிகளை ஒரு தாளில் நிரப்பிக்கொண்டு கிளைக்கு வரலாம்.

1. ஆண்டுக்கு எஞ்சின் ஓடும் மணி நேரம்.
2. ஒவ்வோர் எஞ்சினுக்கும் மணிக்கு ஆகும் எரிபொருள், எண்ணெய்ச் செலவு; அதை முதல் வரியால் பெருக்கிய தொகை.
3. இரண்டு எஞ்சின்களின் விலை வேறுபாட்டை, ஆண்டு மிச்சத்தால் வகுத்தால் வரும் காலம்.
4. மாதத் தவணை, மீன் குறைந்த மாதத்திலும் அதைக் கட்ட இயலுமா?
5. மானியம் வாராவிட்டால் நான்காம் வரியின் விடை மாறுமா?

மூன்றாம் வரியில் வரும் காலம் கடன் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் விலை கூடிய எஞ்சினைத் தயங்காமல் கேளுங்கள். மிகுதியாக இருந்தால், கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் சிறியதே போதும். இந்தத் தாளோடு வரும் விண்ணப்பதாரரிடம் வங்கி அலுவலர் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு முன்னரே விடை கிடைத்துவிடும். கடன் முடிவும் அதற்கேற்ப விரைவாகும்.